உட்கார வாய்ப்பு வரும்போது

ஸ்டூல் முப்பிடாதியின் முழங்காலுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் முதுகுக்குப் பின்னால் ஒருத்தர் வந்து நின்றால் தெரியுமே, அந்த மாதிரி பார்க்காமலே தெரிந்தது. சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல், வாங்கிவந்த அன்றைக்கு ஒட்டியிருந்த ஸ்டிக்கர் இன்னும் மங்காமல் அப்படியே இருக்கிறது, அது கிழிய வேண்டுமானால் தினமும் யாராவது அதன்மேல் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். மாடியில் பட்டுச் சேலைப் பிரிவுக்கு இந்த நேரத்தில் ஆள் வராது. ஆடித் தள்ளுபடிக் கூட்டமெல்லாம் கீழே, நைட்டியும் உள்பாவாடையும் குவித்துப் போட்டிருக்கிற இடத்தில் முட்டிமோதிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சல் படிக்கட்டு வழியாக ஏறிவந்து இங்கே வரும்போது வெறும் முனகலாகிவிடும். சாப்பாட்டுக்குப் பிந்தின இந்த நேரம் மேலே வெளிச்சமும் ஏசிக் குளிரும்தான். எதிரே கண்ணாடித் தூண், தூணுக்கு மேலே கேமரா. அதில் தான் எப்படித் தெரிவோம் என்று அவளுக்கு மனப்பாடம். ஒருமுறை கீழே முதலாளி அண்ணாச்சியின் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பியபோது அந்தப் பெரிய டிவியில் கட்டம் கட்டமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள், கவுண்ட்டருக்கு மேலே இடுப்பிலிருந்து தலைவரைக்கும், எல்லாப் பெண்களும் நட்டுவைத்த மாதிரி. உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். அந்தக் கட்டத்தில் உடம்பு இல்லாமல், மேசை விளிம்பில் வைத்த தலையாக. அதை நினைத்ததும் நெஞ்சுக்குள் என்னவோ புரண்டது, நினைப்பினால்தான் புரண்டது என்று வைத்துக்கொண்டாள்.

நினைப்பினால்தான். சாப்பிட்டுவிட்டு மேலே ஏறிவரும்போதும் இதே மாதிரி. சாப்பாட்டு அறை தரைக்குக் கீழே, லிஃப்ட் கஸ்டமருக்கு, வேலைக்காரர்கள் படியில்தான் வர வேண்டும், அது ஒன்றும் புதிதில்லை, இந்தப் படியில் அவள் சேலைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். இன்றைக்குப் பாதியில் நின்றாள். மூச்சு போனது, திரும்பி உள்ளே வருவதற்கு இடம் போதாததுபோல் இருந்தது. பின்னால் வந்த லூர்து, அடுத்த கவுண்ட்டர்ப் பெண், என்னக்கா என்றாள். ஒன்றுமில்லை, தயிர்சோற்றை அள்ளி அள்ளிப் போட்டேன், அதான் என்று சொல்லிவிட்டாள். அள்ளித்தான் போட்டாள், பொய்யில்லை. ஆனால் இடது விலாவுக்குக் கீழே, மூச்சை இழுக்கிறபோது மட்டும், ஒரு குத்து. விடும்போது இல்லை, இழுக்கும்போது. அதனால் கொஞ்சமாக இழுத்துக் கொஞ்சமாக விட்டுக்கொண்டு நின்றாள், அப்படியும் நிற்க முடிகிறதே, பிறகென்ன. வாயு. வாயுதான் குத்தும். காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம், கால் எங்கே இருக்கிறது நெஞ்சு எங்கே இருக்கிறது. கால்தான் இந்த ஆடி பிறந்ததிலிருந்து படுத்துகிறது. வலது காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது, அது எப்போதிருந்தோ, அதைப் பற்றி ஒன்றுமில்லை, இந்தக் கடையில் யாருக்குத்தான் இல்லை. உடை மாற்றுகிற அறையில் கல்யாணமான பிள்ளைகள் பாவாடையைத் தூக்கி ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொள்வார்கள், உனக்குப் பச்சை எனக்கு நீலம் என்று சிரிப்பும் நடக்கும். இது அப்படியில்லை. இடது காலில் சுருட்டலும் கிடையாது பச்சையும் கிடையாது, கெண்டைக்கால் மொத்தமாக வழவழவென்று உப்பி, தொட்டால் சுடுகிறது. தனியாகக் காய்ச்சல் கண்ட கால். நேற்றுக் காலையில் கொலுசு சதைக்குள் போய்விட்டது, அவள் புருஷன் சுடலை சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழற்றினான், கழற்றிவிட்டு அந்தக் காலைக் கையிலேயே வைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவோமாட்டி என்றான். ஆடி முடியட்டும் என்றாள். அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருந்தால் போயிருப்போமோ, அவன்மேல் ஏன் இப்போது கோபம் வருகிறது, அவன் சொன்னானே.

நேற்றுச் சாயங்காலம் வந்தாளே அந்த நர்ஸ், அவளும்தான் சொன்னாள். தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவள், ஆஸ்பத்திரி வேலை என்று பேச்சுவாக்கில் சொன்னாள், நல்ல அமைதியான முகம். அரக்கு நிறத்தில் மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்காட்டச் சொன்னாள். முப்பிடாதி பலகைமேல் ஏறியபோது சேலை கெண்டைக்கால்வரை தூக்கிக்கொண்டது, இறங்கித் திரும்பினால் அவள் சேலையைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் மட்டும்தான் வீங்கியிருக்கா என்று கேட்டாள். சுடுதா என்றாள். கவுண்ட்டரைச் சுற்றி உள்ளே வந்து, வரக் கூடாது, கஸ்டமர் உள்ளே வந்தால் கேள்வி வரும், வந்து குனிந்து கையை வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அக்கா, நாளைக்குன்னு வைக்காதீங்க, இன்னைக்கே காட்டுங்க, உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம், நின்னுகிட்டே இருந்தா கட்டும், அது அங்கேயே கிடந்தா பரவால்ல, நகந்தா, என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய அம்மா அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுவிட்டாள். போய்விட்டாள். அரக்குச் சேலையைக்கூட எடுக்கவில்லை. நகந்தா. நகர்ந்தால் என்ன. முப்பிடாதி நேற்று ராத்திரி படுத்தவள் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டு இதையே யோசித்தாள். நகர்ந்தால் எங்கே போகும். கட்டின ரத்தம், புளி உருண்டை மாதிரி ஒன்றாக இருக்குமா, அது எந்த வழியாகப் போகும், மேலேயா, கீழே பாதத்துக்கா. கீழே போனால் நல்லதுதானே. அந்தப் பிள்ளை வாக்கியத்தை முடித்துவிட்டுப் போயிருக்கலாம். முடிக்காமல் விட்டதனால்தான் அது காதுக்குள்ளேயே கிடக்கிறது, நகந்தா, நகந்தா என்று, கீழ்த்தளத்து இரைச்சலிலும் அதுதான் கேட்கிறது.

காலையில் வந்ததும் ஜெயசிங் சாரிடம் கேட்டாள். மாடிக்கு மேனேஜர் அவர்தான். அவர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவரும் அவர்களோடு காலையிலிருந்து கடை சாத்துகிறவரை நடையாக நடந்துகொண்டுதான் இருக்கிறார், குதிகால் வலியென்று செருப்புக்குள் பஞ்சுத் துண்டு வைத்திருக்கிறார். ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அரை நாள் விட்டால் போதும் என்றாள். அவர் அவள் காலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார். இந்த ஞாயித்துக்கிழமை தாண்டட்டும் முப்பிடாதி, ஞாயித்துக்கிழமைக்கு மேல ஒரு நாள் முழுசா எடுத்துக்கங்க, நானே அண்ணாச்சிட்ட சொல்லுதேன் என்றார். குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அதுதான் அவளை மேற்கொண்டு பேச விடாமல் செய்தது, திட்டியிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பாள். சரி சார் என்று வந்து நின்றுவிட்டாள். நின்றதிலிருந்து எடையை வலது காலுக்கு மாற்றி, பிறகு இடதுக்கு, இடது தாங்காமல் மறுபடி வலதுக்கு. கவுண்ட்டர்க் கண்ணாடியில் சாயக் கூடாது. தூணில் சாயக் கூடாது. ஆனால் இடுப்பைக் கவுண்ட்டர் மரத்தில் லேசாக முட்டுக்கொடுத்து, மேலே பார்க்கிறவனுக்கு நேராக நிற்பதுபோல் காட்டுகிற வித்தை ஒன்று உண்டு, புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஒரு மாதத்தில் வந்துவிடும். இன்றைக்கு அதுவும் போதவில்லை.

உட்காரலாம் என்று சட்டமே இருக்கிறது. அதை அந்த லேபர் ஆபீஸ் அம்மா வந்து சொன்னாள், கண்ணாடி போட்ட, கட்டைக் குரலுடைய அம்மா. அவள் வரப்போவது முந்தின நாளே கடைக்குத் தெரிந்திருந்தது. கடை திறப்பதற்கு முன்னாடியே லோடு வண்டியில் ஸ்டூல்கள் வந்து இறங்கின, ஆளுக்கொன்று. ஜெயசிங் சார் எல்லாரையும் நிறுத்திவைத்து, இன்னைக்கு எல்லாரும் உக்காரணும், நான் சொன்ன பிறகுதான் எந்திரிக்கணும் என்றார். உட்கார்ந்தார்கள். ஸ்டூடியோவில் படம் பிடிக்க உட்கார்ந்த மாதிரி முதுகை நிமிர்த்திக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பார்க்காமல். ஆனால் முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் காலிலிருந்து என்னவோ இறங்கியது, இறங்கியதா ஏறியதா, அத்தனை வருஷம் மரமாகக் கிடந்தது உயிர் வந்து வலிக்கத் தொடங்கியது. நிற்கிறபோது வலியே தெரியாது. உட்கார்ந்தால்தான் இத்தனை வலி நமக்குள் இருந்திருக்கிறது என்று தெரிகிறது. அன்றைக்கு அவளுக்கு அது பயமாக இருந்தது, எழுந்துவிட்டால் மூடி போட்டதுபோல் அடங்கிவிடும் என்று பட்டது. அந்த அம்மா ஒவ்வொரு கவுண்ட்டராக வந்தாள். இவளிடம் நின்று, தினமும் உட்காருகிறீர்களா என்று கேட்டாள். ஜெயசிங் சார் பக்கத்தில் நின்றார். உட்காருகிறோம் மேடம். அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு வரும்போதெல்லாம் நீங்கள் உட்காரலாம், இது கடைக்காரர் பார்த்துத் தருகிற சலுகை கிடையாது, உங்களுக்குச் சட்டம் கொடுத்தது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சரி மேடம். அவள் போனதும் ஸ்டூல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எடுத்துப் போகச் சொல்லவில்லை. உட்காரக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

வாய்ப்பு வரும்போது. அந்த வார்த்தையை அவள் அன்றையிலிருந்து எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருக்கிறாள். வாய்ப்பு எப்படி வரும், பஸ் வருகிற மாதிரி வருமா, வந்துவிட்டது என்று யார் சொல்ல வேண்டும். கஸ்டமர் இருந்தால் வாய்ப்பு இல்லை. கஸ்டமர் இல்லாவிட்டால் மடிப்புக் கலைந்த சேலையை மடிக்க வேண்டும், மடித்துவிட்டால் அடுக்க வேண்டும், அடுக்கிவிட்டால் வருகிற கஸ்டமரைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக நிற்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அது வருகிற இடமே கடையில் கிடையாது. கூட நின்ற தங்கபுஷ்பம் மட்டும்தான் அது வந்துவிட்டதாக நினைத்தாள். லேபர் ஆபீஸ் அம்மா வந்துபோன மறுநாள், இதே மாதிரி மத்தியானம், அவள் பாட்டுக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மாதாமாதம் வருகிற வயிற்றுவலி அவளுக்கு. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெயசிங் சார் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். எல்லாரும் காத்திருந்தார்கள், அன்றைக்கு, மறுநாள், அந்த வாரம். ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு நாமும் உட்கார்ந்துவிடலாமா என்று ஒவ்வொருத்தியும் நினைக்க ஆரம்பித்த நேரத்தில் தங்கபுஷ்பத்தைக் கீழே குடோனுக்கு மாற்றினார்கள். பார்சல் கட்டுகிற வேலை. அங்கே ஆள் பற்றவில்லை என்றுதான் காரணம், உட்கார்ந்ததைப் பற்றி மூச்சே இல்லை. காற்றில்லாத அறை, தும்பும் தூசியும், அவளுக்கு இழுப்பு வந்தது, அவளாகவே நின்றுவிட்டாள். யாரும் அவளை அனுப்பவில்லை. இந்தக் கடையில் யாரும் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதுதான் முப்பிடாதிக்குப் பயம். சத்தம் போட்டால் சத்தம் வருகிற திசையாவது தெரியும்.

அதற்கு மேல் அவளுக்கு வேறொன்றும் இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. போன வருஷம் கடை ஆண்டுவிழாவில் மண்டபத்து மேடைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி கையாலேயே குத்துவிளக்கு கொடுத்தார். மைக்கைப் பிடித்து, இந்தப் பிள்ளை உக்காந்து நான் ஒரு நாள் பாத்தது கிடையாது, வயித்துப் பிள்ளையோட எட்டாம் மாசம் வரைக்கும் சிரிச்ச முகமா நின்னுது என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். கீழே சுடலையும் பிள்ளையும் முதல் வரிசையில், பிள்ளை நாற்காலிமேல் ஏறி நின்று தட்டியது. அந்தக் கைதட்டல் காதில் விழுந்தபோது காலில் ஒரு வலியும் இல்லை, நிஜமாகவே இல்லை, அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கென்று ஊரில் ஒரு பேர் உண்டென்றால் அது அந்தப் பேர்தான். மாமியார் வீட்டில்கூட அதைச் சொல்லித்தான் அறிமுகம் செய்கிறார்கள். இப்போது இந்த ஒரு சாண் பின்னால் நகர்ந்து முழங்காலை மடக்கினால் அது போய்விடும். போனால் என்ன. போனால் அவள் யார். பட்டுச்சேலையின் ஊடு எது பாவு எது என்று தெரிந்த பத்துப் பேரில் ஒருத்தி. வயிற்றுப் பிள்ளையோடு நின்றபோது சிரித்த முகமாகவா நின்றோம், வாந்தியை விழுங்கிக்கொண்டல்லவா நின்றோம், சிரிப்பு அண்ணாச்சிக்குக் கட்டத்துக்குள் தெரிந்திருக்கிறது. விலாவில் மறுபடி குத்தியது. இந்த முறை மூச்சை விடும்போதும்.

லிஃப்ட் கதவு திறந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். முப்பிடாதியின் முகம் தானாகச் சிரித்தது, வாங்கம்மா, உக்காருங்க என்று வாய் தானாகச் சொன்னது. கஸ்டமருக்கு மெத்தை போட்ட நாற்காலி. மகளுக்கு நிச்சயதார்த்தமாம், மயில்கழுத்து நிறம் வேண்டுமாம். குனிந்து அடித்தட்டிலிருந்து எடுத்தாள், நிமிர்ந்தபோது விளக்குகளெல்லாம் கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தன. சேலையை உதறி விரித்தாள், ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. இதயம் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அது ஓடுகிற வேகத்துக்கும் அவள் செய்கிற வேலைக்கும் பொருத்தமே இல்லை. முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும், போட்டாள். கண்ணாடியில் மயில்கழுத்துக்கு மேலே தெரிந்த முகத்தை முதலில் வேறு யாரோ என்று நினைத்தாள். ஏசி இவ்வளவு குளிருது, உங்களுக்கு இப்படி வேக்குதே என்றாள் அந்தத் தாய். பரவாயில்லைம்மா என்றாள், சொல்லி முடிப்பதற்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. மகள் சேலையை விட்டுவிட்டு இவளையே பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் தாய் எழுந்து, கீழே பாத்துட்டு வாரோம் என்றாள். அவர்கள் போனபின் மேலே வேறு கஸ்டமர் இல்லை. கவுண்ட்டர் முழுக்க விரித்த சேலைகள், மடிக்க வேண்டும். ஒரு நுனியை எடுத்தாள். எடுத்த நுனி விரலிலிருந்து நழுவியது. இருமல் வந்தது, வறட்டு இருமல், அதோடு நாக்கில் இரும்பு மாதிரி ஒரு ருசி. கால் எங்கே இருக்கிறது நெஞ்சு எங்கே இருக்கிறது. காலிலிருந்து நெஞ்சுக்கு வழி இருக்கிறது போலிருக்கிறதே. அந்த நர்ஸ் முடிக்காமல் விட்டது இதுதானோ. இதுவாக இருந்தால் அது படியில் ஏறும்போதே வந்துவிட்டதா, இல்லை இனிமேல்தானா. இனிமேல் என்றால் இப்போது வந்தது என்ன.

பயம் வந்தபோது அது அவள் நினைத்த மாதிரி இல்லை. வியர்வைக்கு நடுவே எல்லாம் தெளிவாகிவிட்டது. மாடியில் கஸ்டமர் இல்லை. மடிக்க வேண்டிய சேலை இருக்கிறது, ஆனால் மடிக்க அவளால் ஆகாது. அப்படியென்றால் இதுதான் அந்த வாய்ப்பு. இது வந்ததை வேறு யாரும் வந்து சொல்லப்போவதில்லை. இதுவும் இல்லையென்றால், தரையில் விழுந்த பிறகு வருவதற்குப் பேர் வாய்ப்பு இல்லை. அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் ஸ்டூலைத் தேடினாள், விரல் அதன் நடுவிலிருந்த ஓட்டையின் விளிம்பில் பட்டது, இழுத்தாள். தரையில் அது கீறிய சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. உட்கார்ந்தாள். கவுண்ட்டர் விளிம்பு முகவாய்க்கு நேராக வந்தது, சேலைகளெல்லாம் கண்ணுக்கு எதிரே மலையாகக் குவிந்து நின்றன, மேலே அந்தக் கேமரா இன்னும் உயரத்துக்குப் போய்விட்டது. லூர்து அடுத்த கவுண்ட்டரிலிருந்து திரும்பிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்டர்காம் மணி அடித்தது. இத்தனை சீக்கிரமா. அண்ணாச்சியும் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார் போலிருக்கிறது. லூர்து ஓடிப்போய் எடுத்தாள்.

“ஆமா அண்ணாச்சி. முப்பிடாதி அக்காதான். உக்காந்திருக்காவ.” பிறகு அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு, “ஏன்னு கேக்காவ அக்கா” என்றாள்.

ஏன் என்று சொல்ல முப்பிடாதியிடம் எவ்வளவோ இருந்தது, ஆனால் மூச்சு ஒரு வார்த்தைக்குத்தான் இருந்தது, எந்த வார்த்தைக்குச் செலவழிப்பது என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினாள். ஜெயசிங் சார் படியேறி வந்துகொண்டிருந்தார், அவருக்கும் கீழே சொல்லியிருப்பார்கள். வந்தவர் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார், உதடு அசைவதுகூடத் தெரியக் கூடாதென்பதுபோல்.

“எந்திரிங்க முப்பிடாதி. அண்ணாச்சி பாத்துகிட்டு இருக்காவ. ஒரு நிமிசம் எந்திரிச்சு நின்னுட்டு, பொறவு பாத்ரூம் போற மாதிரி போயி அங்க உக்காந்துக்கங்க.”

“முடியல சார்.”

“எனக்காக.”

அவர் அப்படிக் கேட்டதும் உடம்பு பழக்கத்தில் எழுந்திருக்கத்தான் பார்த்தது. கை கவுண்ட்டரைப் பிடித்தது, இடுப்பு முன்னால் வந்தது, இத்தனை வருஷம் சொன்னதைக் கேட்ட உடம்பு அது. பாதி எழுந்த இடத்தில் அதை அவளே நிறுத்தினாள். அவருடைய குதிகாலும் பஞ்சும் அவளுக்குத் தெரியும், அவருக்கும் இரண்டு பெண்பிள்ளைகள், அதெல்லாம் தெரியும். மறுபடி உட்கார்ந்தாள். சேலையை முழங்கால்வரை தூக்கிக் காலை நீட்டிக் காட்டினாள். ஆம்பிளை முன்னால் இப்படிக் காட்டுவோம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. அவர் குனிந்து பார்த்தார். ஒரு விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியதை முப்பிடாதி கீழேயிருந்து பார்த்தாள், தன் காலில் அத்தனை நாள் தெரியாத ஒன்று அவர் முகத்தில் தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் அவளுக்கு உண்மையாகவே உயிர்ப்பயம் வந்தது. “உதடு நீலமா இருக்கு சார்” என்று லூர்து சொன்னாள். ரிசீவர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது, உள்ளே அண்ணாச்சியின் குரல் சின்னதாகப் பேசிக்கொண்டே இருந்தது. ஜெயசிங் சார் அதை அவள் கையிலிருந்து வாங்கி, பேச்சின் நடுவிலேயே வைத்தார். தன் செல்லில் நூற்றியெட்டுக்கு அடித்தார்.

நடக்க விடக் கூடாது என்று போனில் சொன்னார்கள் போலிருக்கிறது. வாசல் வாட்ச்மேனும் லூர்துவும் ஜெயசிங் சாருமாக ஸ்டூலோடு அவளைத் தூக்கி லிஃப்டுக்குள் வைத்தார்கள். லிஃப்டில் மூன்று பக்கமும் கண்ணாடி. மூன்றிலும் நிற்கிறவர்களின் இடுப்பு உயரத்துக்கு அவள் தலை, உதட்டில் அவள் மாநிறத்துக்குச் சேராத ஒரு நிறம். லூர்துவின் கை அவள் தோளில் இருந்தது, அந்தப் பிள்ளை வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் ஒரு குலுக்கலோடு இறங்கத் தொடங்கியபோது முப்பிடாதி கண்ணை மூடிக்கொண்டாள். அசையாதே, அசையாதே, நீ இருந்த இடத்திலேயே இரு என்று உள்ளே கிடந்த எதனிடமோ கெஞ்சினாள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சாவி பக்கத்து வீட்டில். சுடலைக்கு யார் சொல்வார்கள். சமையல்கட்டில் உளுந்து ஊறப்போட்டிருக்கிறது, இன்றைக்கு அரைக்காவிட்டால் புளித்துப்போகும். இதெல்லாம் வரிசையில்லாமல் வந்தன, எதுவும் பெரிதாகவும் இல்லை எதுவும் சின்னதாகவும் இல்லை. கதவு திறந்தது, தள்ளுபடிக் கூட்டத்தின் வெக்கை முகத்தில் அடித்தது. வழி விடுங்க, வழி விடுங்க என்று வாட்ச்மேன் கத்தினான். கையில் துணியோடு நின்றவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து வருகிறவளை ஏறிட்டுப் பார்த்து மெல்ல ஒதுங்கினார்கள்.

ஆம்புலன்ஸில் கிடத்தியதும் மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். வண்டியில் இருந்தவன் இளைஞன், இடுக்கமான இடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்துகொண்டு வேகவேகமாகக் கேட்டான். எத்தனை நாளாக வீக்கம், நெஞ்சு எப்போதிருந்து, சர்க்கரை உண்டா. அவள் சொன்னதையெல்லாம் லூர்து திருப்பிச் சத்தமாகச் சொன்னாள், முப்பிடாதியின் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. காலில் கட்டின ரத்தத்தில் ஒரு துண்டு நெஞ்சுக்கு வந்திருக்கும் போலத் தெரிகிறது, மிச்சம் இன்னும் காலில் இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறவரை காலை அசைக்கவே கூடாது என்றான். அவன் அந்த வாக்கியத்தை முழுவதுமாக முடித்தான். சைரன் போட்டும் ரத வீதியில் வண்டி ஊர்ந்துதான் போனது. கண்ணாடிக்கு வெளியே துணிப்பைகள் உரசிக்கொண்டு போயின, ஒதுங்க இடமில்லாமல் ஜனங்கள் ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். மூச்சு உள்ளே வருகிறதா என்று அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று வந்தது. அடுத்தது கொஞ்சம் தாமதித்து வந்தது.

“என்ன வேலைம்மா பாக்கிய?” என்றான் அவன், அவளை மயங்க விடாமல் பேச வைப்பதற்காக.

லூர்து பதில் சொல்ல வாயெடுத்தாள். முப்பிடாதி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தானே சொல்ல வேண்டும் என்றிருந்தது, அதற்கு எவ்வளவு மூச்சு ஆனாலும்.

“நிக்கிற வேலை” என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. டிரைவர் பக்கம் திரும்பி, சீக்கிரம் என்றான்.